எங்கே பிரசவம் என்பதை எது தீர்மானிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆஸ்பத்திரியில காட்டுறீங்க?" என்பதுதான். மருத்துவம் சம்பந்தப்பட்ட கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் அதற்கு வரும் பதிலில் வீட்டு வருமானம், சாதி, மாமியார் சொல், புருஷனின் வேலை, ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் கலந்திருக்கும். தமிழ்நாட்டை மனதில் வைத்து, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இப்போது எல்லோருமே ஆஸ்பத்திரியில்தானே பெற்றுக்கொள்கிறார்கள்? இதில் பேச என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் ஏறக்குறைய அப்படித்தான். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன. இந்திய சராசரி 88.6. பீகாரில் 76 சதவீதம், நாகாலாந்தில் 46 சதவீதம்கூட இல்லை. 1992–93இல் நடந்த முதல் ஆய்வில் மொத்த இந்தியாவுக்குமே 26 சதவீதம்தான்.

அதனால் "வீடா, ஆஸ்பத்திரியா" என்ற பழைய கேள்வி இங்கே பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையமா, ஜி.ஹெச்சா, மெடிக்கல் காலேஜா, டவுனில் இருக்கும் நர்சிங் ஹோமா, ஏ.சி. அறையுள்ள பெரிய தனியார் மருத்துவமனையா, சுகப்பிரசவமா, ஆபரேஷனா என்று கேள்விகள்தான் மாறியிருக்கின்றன. யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்தால் பணம் படைத்தவர், இல்லாதவர் என்ற கோடு இன்னும் அழியாமல் இருப்பது தெரியும்.

மீதி 0.4 சதவீதம் சின்ன எண் போலத்தான் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் குழந்தைகள் பிறக்கும் மாநிலத்தில் அது சில ஆயிரம் பெண்கள்.

அந்தக் காலத்தில் பெண்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை? ஆஸ்பத்திரியே இல்லையா?

இருந்தது. சென்னை எழும்பூரில் 1844இலிருந்தே பிரசவ மருத்துவமனை உண்டு. ஆனால் ஆண் டாக்டர் தொட்டுப் பார்க்கும் இடத்துக்கு, எந்தச் சாதியினரும் பக்கத்துக் கட்டிலில் படுக்கக்கூடிய இடத்துக்கு, பல வீட்டுப் பெண்களை அனுப்பமாட்டார்கள். திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையை வயதானவர்கள் இன்றைக்கும் "கோஷா ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்வார்கள். 1885இல் அது தொடங்கியபோது பெயரே விக்டோரியா சாதி கோஷா மருத்துவமனை. வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் கோஷா முறையைக் கடைப்பிடித்த முஸ்லிம் பெண்களும் சாதி இந்துப் பெண்களும் வர வேண்டும் என்பதற்காகவே, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த முதல் பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப் எடுத்த முயற்சி அது. ஆஸ்பத்திரியின் பெயரிலேயே சாதியை எழுதி வைத்தால்தான் ஒரு பெண்ணைப் பிரசவத்துக்கு அனுப்புவார்கள் என்ற நிலை இருந்திருக்கிறது.

கிராமங்களில் மருத்துவச்சிதான். பல ஊர்களில் அவர் முடிதிருத்தும் சமூகத்துப் பெண். மற்ற நாளில் திண்ணையோடு நிறுத்தப்படுபவர், வலி கண்டுவிட்டால் மட்டும் வீட்டின் உள்ளறை வரைக்கும் வருவார். நெல்லும் புடவையும் கொடுத்து அனுப்புவார்கள். அவருடைய கைத்திறமையைக் குறைத்துப் பேசுவது நியாயம் இல்லை. பெரும்பாலான பிரசவம் யார் பார்த்தாலும் நல்லபடி முடியும். ரத்தப்போக்கு நிற்காமல் போனாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ, ஜன்னி கண்டாலோ அவரிடம் ரத்தமும் இல்லை, கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் அது எப்படி மாறியது?

ஒரே ஒரு காரணம் சொல்ல முடியாது. பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், கல்யாண வயது கூடியது, ஊருக்கு ஊர் பஸ் வந்தது, வீட்டுக்கு இரண்டு குழந்தை போதும் என்றானது. இரண்டே பிரசவம் என்றால் அதைப் பத்திரமாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வரும்.

அரசு செய்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்சுகளை முறை வைத்துப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது. பிரசவ வலி ஆபீஸ் நேரம் பார்த்து வருவதில்லை. ராத்திரி போனால் கதவு பூட்டியிருக்கும் என்ற அனுபவம் ஒரு வீட்டுக்கு இருந்தால் போதும், அந்தத் தெருவே அங்கே போகாது. கதவு திறந்திருக்கும் என்று தெரிந்த பிறகு, 2000களில் சின்னச் சின்ன சுகாதார நிலையங்களிலும் பிரசவ எண்ணிக்கை ஏறியது. சிக்கல் என்றால் அனுப்புவதற்குச் சீமாங்க் மையங்கள் வந்தன. பெரிய அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன், ரத்தம், பச்சிளம் குழந்தை சிகிச்சை எல்லாம் எந்நேரமும் கிடைக்கும் பிரிவு அது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. தனித்தனியாக எதுவும் பெரிய அதிசயம் இல்லை. ஒன்றையொன்று தாங்கிப் பிடித்ததால் வேலை செய்தது.

2018–20 கணக்கில், ஒரு லட்சம் உயிருடனான பிறப்புக்குத் தமிழ்நாட்டில் 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்திய சராசரி 97, அசாமில் 195, கேரளத்தில் 19. பக்கத்து மாநிலத்தைப் பார்த்தால் நாம் இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று தெரியும்.

எங்கே பிரசவம் என்று முடிவெடுப்பது யார்?

பெரும்பாலும் பெற்றுக்கொள்ளப் போகிறவள் இல்லை.

தலைப்பிரசவம் என்றால் தாய் வீடு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டு அழைத்துப் போவார்கள். செலவும் பெண் வீட்டாருடையது. ஆக, ஆறு மாதம் திருப்பூரில் ஒரு டாக்டரிடம் காட்டியவள், கடைசி இரண்டு மாதம் தேனியிலோ திருவாரூரிலோ வேறு ஒரு டாக்டர் முன்னால் போய் உட்காருகிறாள். ஸ்கேன் ரிப்போர்ட் ஒரு பையில், சர்க்கரை பார்த்த சீட்டு இன்னொரு பையில். நர்சம்மா மாறிவிடுவார். பழைய ஊரில் கண்டுபிடித்த ரத்தசோகையைப் புதிய ஊரில் மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வழக்கத்தை வெறும் சிக்கலாக மட்டும் பார்க்கவும் மாட்டேன். அம்மா கையால் ஒரு வாய் சோறு, ராத்திரியில் குழந்தையைத் தூக்க ஒரு ஆள், மாமியார் முன்னால் கூச்சப்படாமல் காலை நீட்டிப் படுக்க ஓர் இடம் என்று அது கொடுப்பவை எந்தத் திட்டத்திலும் கிடைக்காது. ஆனால் பெண் வீட்டாரின் கௌரவம் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது. "பொண்ண கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில போட்டுட்டாங்க" என்று சம்பந்தி வீட்டில் ஒரு சொல் வந்துவிடக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்தே நகையை அடகு வைத்துத் தனியாரில் சேர்க்கிற அப்பாக்களை எனக்குத் தெரியும். என் அக்கா விஷயத்திலும் அதுதான் நடந்தது. எங்கள் ஊர் ஜி.ஹெச்சில் நல்ல டாக்டர் அம்மா இருந்தார், அக்காவுக்கும் அவரைப் பிடிக்கும். இருந்தும் டவுனுக்குத்தான் கொண்டு போனோம். யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாவது பிரசவத்துக்கு நிலைமை மாறும். செலவு புருஷன் வீட்டார் பக்கம் வரும், அப்போது "அரசு ஆஸ்பத்திரியே நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். ஒரே பெண், ஒரே உடம்பு.

அரசு மருத்துவமனையில் இலவசம்தானே? கடன் வாங்கியாவது தனியாருக்கு ஏன் போகிறார்கள்?

மருத்துவச் செலவு இலவசம், சரி. தேசிய மாதிரி ஆய்வின் 2017–18 கணக்குப்படி இந்திய கிராமப்புறத்தில் ஒரு பிரசவத்துக்கு அரசு மருத்துவமனையில் சராசரியாக 2,400 ரூபாய் அளவில்தான் செலவு, தனியாரில் ஏறக்குறைய 21,000. நகரத்தில் தனியார் என்றால் 29,000. இன்றைய விலைக்கு இதெல்லாம் பழைய எண்கள்.

இருந்தும் போகிறார்கள். கேட்டால் வருகிற பதில்களில் மருந்து, டாக்டர் பற்றிய குறை குறைவு, மரியாதை பற்றிய குறைதான் அதிகம். வலியில் கத்தினால் "அப்ப தெரியலையா?" என்று ஆரம்பிக்கிற வசை. ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே திரை இல்லாத பிரசவ அறை. ஸ்ட்ரெச்சர் தள்ள, குழந்தையைக் காட்ட என்று கையை நீட்டுபவர்கள். ஆண் குழந்தை என்றால் ஒரு ரேட், பெண் குழந்தை என்றால் ஒரு ரேட் என்பதைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பம் இருக்காது. எல்லா இடத்திலும் இப்படி இல்லை என்பதும் உண்மை. பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்ற ஏற்பாடு தமிழக அரசு மருத்துவமனைகளில் உண்டு. பல தனியார் இடங்களில் அதுகூடக் கிடையாது.

இன்னொரு காரணம் கூலி. மாதாந்திரப் பரிசோதனைக்கு அரசு இடத்தில் காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றால் மதியம் ஆகிவிடும். கூடப் போகும் ஆளுக்கும் அன்றைய கூலி போச்சு. தனியார் கிளினிக்கில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பார்க்கலாம். இரண்டு பேரின் கூலியைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கன்சல்டிங் ஃபீஸ் அவ்வளவு முட்டாள்தனமான செலவு இல்லை. தொடர்ந்து காட்டிய இடத்தில்தான் பிரசவமும் நடக்கும்.

மேலே இருப்பவர்களுக்குக் காப்பீடு தீர்மானிக்கிறது. ஐ.டி. கம்பெனி பாலிசியில் மகப்பேறுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும், அந்தத் தொகையை ஒட்டித்தான் அறையும் பில்லும் அமையும். மில், தொழிற்சாலை வேலை என்றால் இ.எஸ்.ஐ. இருக்கலாம். வீட்டு வேலை, வயல் வேலை, தையல் பீஸ் ரேட் என்றால் இரண்டும் இல்லை. 2017இல் 26 வாரமாக உயர்த்தப்பட்ட சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பும் இவர்களுக்கு வெறும் செய்தித்தாள் செய்திதான்.

இவ்வளவுக்கும் பிறகும், 2019–21 குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பிரசவங்கள் அரசு மருத்துவமனையில்தான் நடந்தன.

அரசு கொடுக்கும் பணத்தால் இடம் மாறுகிறதா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு நிதியுதவி 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கியது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000. இப்போதைய 18,000இல் 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு, இரண்டு பிரசவம் வரை.

ஆரம்பத்தில் இதன் நோக்கமே வேலைக்குப் போக முடியாத மாதங்களின் கூலியை ஈடு கட்டுவது. 2011இல் தொகையை இரட்டிப்பாக்கியபோது நிபந்தனையும் சேர்ந்தது. மூன்று தவணை, தலா 4,000, அதில் ஒன்று அரசு மருத்துவமனையில் பெற்றுக்கொண்டால்தான். பலரை அது அரசுப் பக்கம் இழுத்திருக்கும். ஆனால் ஆதார், வங்கிக் கணக்கு, பதிவு என்று வரிசையாகக் கேட்கும்போது, எதுவுமே கையில் இல்லாத பெண்தான் முதலில் விடுபடுகிறாள். பணமும் வலி எடுத்த அன்றைக்குக் கைக்கு வருவதில்லை. ஆட்டோ காசு அப்போதும் கடன்தான்.

பிக்மி எண் என்கிறார்களே, அது எதற்கு?

கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கொடுக்கப்படும் எண். நிதியுதவிக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதைக் கேட்கிறார்கள். தனியாரில் காட்டினாலும் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பதிந்துவிடுங்கள். தாய் வீட்டுக்குப் போகும்போது அந்த எண்ணையும் எடுத்துக்கொண்டு போனால், மேலே சொன்ன இரண்டு பை பிரச்சினை கொஞ்சம் குறையும்.

தனியாருக்குப் போனால் சிசேரியன்தான் என்கிறார்களே?

எண்கள் அப்படித்தான் பேசுகின்றன. ஐந்தாவது குடும்பநல ஆய்வில் இந்திய அளவில் அரசு மருத்துவமனைகளில் 14.3 சதவீதம் சிசேரியன், தனியாரில் 47.4. தமிழ்நாட்டில் அரசில் 36, தனியாரில் கிட்டத்தட்ட 64. மொத்தமாக 44.9. தெலங்கானாவில் மொத்தமே 60ஐத் தாண்டுகிறது. ஒரு மக்கள்தொகையில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு, கூடக் கூடத் தாய்-சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது.

டாக்டர்களின் பேராசை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அதுவும் ஒரு பங்குதான். ஒரே டாக்டர் நடத்தும் நர்சிங் ஹோமில் பன்னிரண்டு மணி நேரம் வலிக்காகக் காத்திருக்க அவரால் முடியாது. ஏதாவது ஆனால் சொந்தக்காரர்கள் கண்ணாடியை உடைப்பார்கள் என்ற பயம் உண்டு. முதல் பிரசவம் ஆபரேஷன் என்றால் இரண்டாவதும் பெரும்பாலும் அதுவே. அப்புறம் குடும்பம். நட்சத்திரம் பார்த்து, ராகுகாலம் தவிர்த்து, ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்தை டாக்டர் மேஜையில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கூடுதல் கட்டணம் கொடுக்கவும் தயார்.

அரசில் 36 சதவீதம் என்பதைத்தான் நான் இன்னும் கவலையோடு பார்க்கிறேன். அங்கே லாபக் கணக்கு இல்லை. வலி குறைக்க வழியில்லாத, துணைக்கு ஆள் போதாத பிரசவ அறையில் "எப்படியாவது எடுத்துடுங்க" என்று பெண்ணே கெஞ்சுவதையும் அந்த எண்ணில் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மலைக் கிராமங்களில் என்ன நிலைமை?

பிரசவ மரணத்துக்கு மூன்று தாமதங்களைச் சொல்வார்கள்: போகலாம் என்று முடிவெடுக்கும் தாமதம், போய்ச் சேரும் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைக்கும் தாமதம். சமவெளியில் இரண்டாவது பெரிதும் குறைந்துவிட்டது. மலையில் இன்னும் அதுதான் முதல் பிரச்சினை. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, பர்கூர், ஆனைமலைப் பக்கத்துச் சில குடியிருப்புகளில் வண்டி வரும் ரோடு வரைக்கும் டோலி கட்டித்தான் தூக்கி வர வேண்டும். மழை நாளில் ஓடை குறுக்கே வந்துவிடும்.

இதற்காக மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவ காத்திருப்பு அறைகள் வைத்திருக்கிறார்கள். நாள் நெருங்கும்போதே வந்து தங்கிக்கொள்ளலாம், சாப்பாடும் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள், நான்கு ஆடுகள் இருக்கும்போது அவள் பத்து நாள் முன்னாடியே வந்து உட்கார முடியுமா? ஆடு மேய்க்க ஆள் யார்? கூட்டி வரும் ஆஷா எனும் கிராம சுகாதாரப் பணியாளரோ நர்சம்மாவோ அவளுடைய மொழி பேசுபவரா என்பதும் உண்டு.

ஊர் விட்டு ஊர் வேலைக்கு வந்தவர்கள்?

செங்கல் சூளையில் குடும்பமாக முன்பணம் வாங்கி வேலை செய்பவர்களுக்கு, கணக்கு முடியும்வரை இடத்தை விட்டு நகர்வது கடினம். ஒன்பதாம் மாதம் வரை கல் அறுக்கிறார்கள். சூளை இருக்கும் ஊரின் செவிலியர் பதிவேட்டிலும் பெயர் இருக்காது, சொந்த ஊர்ப் பதிவேட்டில் "ஊரில் இல்லை" என்று இருக்கும். திருப்பூர், சென்னைக் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலப் பெண்களுக்கு மொழிச் சிக்கல் வேறு. இவர்களில் பலர் முதன்முதலாக டாக்டரைப் பார்ப்பது வலி எடுத்த பிறகுதான்.

வசதியாக இருக்கும் படித்தவர்கள் சிலர் வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறார்களே?

ஆமாம், ஒரு வட்டம் முழுதாகச் சுற்றி வந்த மாதிரி இருக்கிறது. மலைப் பெண்ணுக்கு வீட்டுப் பிரசவம் வேறு வழியில்லாததால், இவர்களுக்கு அது ஒரு கொள்கை. 2018இல் திருப்பூரில் யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு பெண் இறந்தார். 2024 நவம்பரில் குன்றத்தூரில் வாட்ஸ்அப் குழு ஒன்றைப் பின்பற்றி வீட்டிலேயே பிரசவம் பார்த்த தம்பதி மீது போலீசில் புகார் போனது.

ஆஸ்பத்திரி மீதான அவர்களின் கோபத்தில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். தேவையில்லாத ஆபரேஷன், மரியாதைக் குறைவு எல்லாம் உண்மை. ஆனால் நெதர்லாந்தைக் காட்டுவதுதான் சரியில்லை. அங்கே 1990களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தை வீட்டில் பிறந்தது, உண்மை. பக்கத்தில் நின்றது பல ஆண்டு படித்துப் பதிவு பெற்ற பேறுகாலச் செவிலி. இங்கிலாந்தில் 2011இல் வெளியான பெரிய ஆய்வில், சிக்கல் இல்லாத பெண்களிலேயே, முதல் பிரசவத்தை வீட்டில் திட்டமிட்டவர்களில் 45 சதவீதம் பேரை நடுவிலோ குழந்தை பிறந்ததுமோ மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அங்கே மாற்றுவதற்கு ஏற்பாடு இருந்தது. வாட்ஸ்அப் குழுவிடம் ஆம்புலன்ஸ் கிடையாது.

இடத்தை முடிவு செய்யும் முன் எதைக் கேட்க வேண்டும்?

முதலில் அவளிடம், எங்கே போனால் அவளுக்குப் பயம் குறைவு என்று. பிறகு ஆஸ்பத்திரியில்: ராத்திரி இரண்டு மணிக்கு ஆபரேஷன் தேவைப்பட்டால் டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் உள்ளேயே இருப்பார்களா, கூப்பிட்டு வர வேண்டுமா? ரத்தம் எங்கிருந்து வரும்? குழந்தை மூச்சுவிடத் திணறினால் இங்கேயே பார்ப்பீர்களா, வேறு இடம் அனுப்புவீர்களா? கூட யார் இருக்கலாம்? சுகப்பிரசவம், ஆபரேஷன் இரண்டுக்கும் பில் எவ்வளவு ஆகும்? சின்ன ஆஸ்பத்திரி என்றால், சிக்கலில் அங்கிருந்து எழுதிக் கொடுக்கும் பெரிய ஆஸ்பத்திரி எது, அதற்கு எத்தனை நிமிடம் என்பதையும். அரசு மருத்துவமனையில் பிரசவம் முடிந்து வீடு திரும்ப 102 தாய்-சேய் ஊர்தி இலவசம், வார்டு நர்சிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் டிஸ்சார்ஜ் அன்று வண்டி வந்துவிடும்.